நெயில் பாலிஷ் வைத்த நட்டு

வெள்ளிக்கிழமை காலை லாரிக்காரர் வீட்டுப் பழைய காரின் முன்சக்கரத்தைக் கழற்றப் பார்த்தபோது நட்டு அப்படியே நின்றது, தெரு சுற்றியது. அதிகமில்லை, கதவை ஒருக்களித்துத் திறக்கிற அளவுக்குத்தான். தள்ளுவண்டித் தக்காளிக்காரர், தராசுத் தட்டு ஒரு பக்கம் சரிந்ததை உள்ளங்கையால் நேராக்கிவிட்டு மறுபடி நிறுத்தார். மாடி வீட்டம்மா கொடியில் போட்டிருந்த துணியெல்லாம் வெயிலிலிருந்து நிழலுக்குப் போய்விட்டது. குழாயடியில் குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கொஞ்ச நேரம் குடத்துக்கு வெளியே விழுந்து, பிறகு குடத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

லாரிக்காரர் இப்போது லாரி ஓட்டுவதில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. ஓட்டிய காலத்தில் ஒருமுறை அவருடைய லாரிச் சக்கரம் கழன்று, அவரையே முந்திக்கொண்டு ஓடி, அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து சுவரில் சாய்ந்து காத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. யார் வெளியூர் கிளம்பினாலும், வீட்டில் இருக்கப்போகிறவர்கள் ஆளுக்கு ஒரு இழுப்பாகக் கார்ச் சக்கர நட்டை முறுக்கிவிட்டுத்தான் வழியனுப்புவார்கள். போகிறவர் பஸ்ஸில் போனாலும் சரி, ரயிலில் போனாலும் சரி, முறுக்குவது வாசலில் நிற்கிற காரைத்தான். பெரியவன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போன அன்று, விமானத்துக்கு எத்தனை நட்டு என்று யாருக்கும் தெரியாததால் எல்லோருமே இரண்டு இழுப்பு இழுத்தார்கள்.

இழுத்ததெல்லாம் எல்லா நட்டுக்கும் சமமாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. லாரிக்காரர் மனைவி தையல்காரி. துணியில் கோடு போட்டே பழகிய கை. ஒருநாள் அவர், யாரிடமும் சொல்லாமல், முன்சக்கரத்தின் ஐந்து நட்டில் ஒரு நட்டின் மேலிருந்து சக்கரத் தகடு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்தார். நட்டு தளர்ந்தால் கோடு விலகும், விலகினால் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து, முறுக்க வேண்டிய நட்டு இதுதான், அதற்காகத்தான் அடையாளம் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு அதையே முறுக்க, கோடு விலகியது. விலகிய கோட்டைத் தையல்காரி பார்த்தார். ஐயோ தளர்ந்துவிட்டதே என்று அவரும் ஒரு இழுப்பு இழுத்து, புதிதாக ஒரு கோடு போட்டார். வருஷக்கணக்கில் இது இப்படியே நடந்தது. கோட்டுக்கு மேல் கோடாக அந்த நட்டு, பெயிண்ட் கடை வாசலில் வைக்கிற வண்ண அட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் பயத்தைப் பற்றிப் பேசுவதில்லை, முறுக்குவதோடு சரி.

சின்னவள் நர்ஸுக்குப் படித்தவள். மலைப்பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. அங்கே பஸ் கிடையாது, சொந்த வண்டியோடு திங்கட்கிழமை காலை வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அடுத்து இருக்கிறவருக்கு வேலை. அப்பா காரைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மா அவளுக்குப் போர்வை மேல் போர்வையாகத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் முன்சக்கரத்தில் ஆணி ஏறி டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. சின்னவள் விவரமானவள். ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று தெரிந்தவள். நான்கு நட்டுகள் ‘கிர்ர்’ என்று முனகிவிட்டுச் சொன்ன பேச்சைக் கேட்டன. ஐந்தாவதில்தான் தெரு சுற்றியது.

பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நட்டைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, என் கைபட்டுக் கழலாத நட்டு இன்னும் வார்க்கலை. டீ சொல்லுங்க, ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.” துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார். சில பழைய வண்டிகளில் ஒரு பக்க நட்டு தலைகீழாகச் சுற்றும் என்பதால் அதையும் சோதித்தார், அப்படி இல்லை. பிறகு ஸ்பானர் பிடியில் ஒரு நீளமான குழாயைச் செருகி, குழாயின் நுனியில் ஏறி நின்று குதித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்தது. லாரிக்காரர் வீட்டு அம்மி சமையலறையிலிருந்து நகர்ந்து கூடத்துக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மி வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தது. தெரு கால் வட்டம் சுற்றி, பஸ் நிலையத்தைப் பார்த்திருந்த தெருமுனை மீன் சந்தையைப் பார்த்து நின்றது. நட்டு மட்டும் உடும்பாக இருந்தது. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைக்காரர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டீயில் சர்க்கரை கம்மி என்றார்.

மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. மாடி வீட்டம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, இன்னும் ஒரு இழுப்பு இழுப்பா. நாங்க குடிவந்ததுலேருந்து இந்த ஜன்னல்ல காத்தே வந்ததில்லை, இப்பதான் மெல்ல வருது,” என்றார். சலவைக் கடைக்காரர் வெயில் தன் பக்கம் வேண்டும் என்றார். கண் ஆபரேஷன் செய்துகொண்ட வாத்தியார் வெயிலே வேண்டாம் என்றார். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, தெருப் பெயர்ப் பலகையைக் கழற்றி மறுபக்கச் சுவரில் மாட்டிவிட்டு, மேற்கொண்டு சுற்றினால் முன்கூட்டியே தகவல் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனார்கள். நட்டை வெட்டியே எடுத்துவிடலாம் என்று பஞ்சர் கடைக்காரர் உளியை வைத்தபோது தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பல் கூசியது. வாத்தியாரின் பொய்ப்பல் டம்ளருக்குள் இருந்தபடியே கூசியது. அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆள் மாற்றி ஆள் இழுத்ததில் தெருமுனை மீன் சந்தையையும் தாண்டிப் போய், பள்ளிக்கூட மதில் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. மறுமுனை எப்போதுமே கிடங்குச் சுவர்தான். இப்போது இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. ஆள்கள் மதிலில் ஏணி போட்டுப் போய்வந்தார்கள். கார் ஏணியில் ஏறாது. இனி நட்டு கழன்றாலும் வண்டி வெளியே போக வழியில்லை. சின்னவள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அம்மா, போதும் நிறுத்து. ஊருக்கே போர்வை தைக்கிறியா? நான்தான் போகப்போறதில்லையே, இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?”

மெஷின் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் நட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பார்த்தாள். கோடுகளுக்கெல்லாம் மேலே ஒரு கோடு, பளபளவென்று, காய்ந்து ரொம்ப நாளாகாதது. ஊதாவில் கொஞ்சம் மினுமினுப்பு. அவள் எழுந்து உள்ளே போய்த் தன் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“அம்மா, இது என் பாலிஷ். வியாழக்கிழமைதான் வாங்கினேன். நானே இன்னும் போட்டுக்கலை.”

தையல்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லை. “கோடு விலகியிருந்துச்சுடி. தளர்ந்துபோச்சோன்னு ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான்.”

“கோடா?” என்றார் லாரிக்காரர். “அது முறுக்கவேண்டிய நட்டுன்னு அடையாளம் இல்லையா? இத்தனை வருஷமா நான் அதைத்தானே முறுக்கிட்டு இருக்கேன்?”

“நீங்க முறுக்கினீங்களா? நான் தானா தளருதுன்னு நினைச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சர் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “நல்ல குடும்பம்ணே,” என்றார். “ஆளுக்கொரு பக்கம் பயந்திருக்கீங்க. மாட்டினது நான்.”

“தள்ளுங்க,” என்று தையல்காரி ஸ்பானரை எடுத்தார். குழாய் வேண்டாம் என்றார், எண்ணெய் வேண்டாம் என்றார். வியாழக்கிழமை எவ்வளவு இழுத்தாரோ அவ்வளவை மட்டும் திரும்ப இழுத்தார். நட்டு கடுகளவு நகர்ந்தது. தெரு அசையவில்லை. உடனே பஞ்சர் கடைக்காரர் பாய்ந்து வந்து ஸ்பானரைப் பிடுங்கித் தானும் ஒரு இழுப்பு இழுக்க, தெரு ஆடியது, மாடி வீட்டம்மா சத்தம் போட்டார். அப்போதுதான் புரிந்தது: முறுக்கியவர் முறுக்கியதை அவரவரே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் முறுக்கியவர் முதலில்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லாரிக்காரர் தன் பங்கை எடுத்தார், தையல்காரி எடுத்தார், மறுபடி லாரிக்காரர், நடுவில் சின்னவள், மறுபடி தையல்காரி. இடையிடையே வெளியாட்களின் இழுப்பும் வந்தது. தன் மகள் பரீட்சைக்குப் போனபோது, ராசியான நட்டு என்று கேள்விப்பட்டு மாடி வீட்டம்மா ஒரு இழுப்பு இழுத்திருந்தார். கண் ஆபரேஷனுக்கு முதல் நாள் வாத்தியாரும் வந்து இழுத்திருக்கிறார், அது அவர் மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தவர்களுக்கெல்லாம் தோள்பட்டை லேசாகிவிட்டது. வாத்தியார் தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, ஏணி வேண்டாம், மதிலைத் தாண்டியே குதிக்கிறேன் என்றார். மனைவி விடவில்லை.

பெரியவன் கடல் தாண்டிப் போன நாளின் இழுப்பு வந்தபோது ஒரு சிக்கல். புறப்படுவதற்கு முன் அவனும், தான் இல்லாத வீட்டுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று, யாருக்கும் தெரியாமல் ஒன்று இழுத்துவிட்டுத்தான் போயிருந்தான். போன் போட்டுக் கேட்டதும்தான் ஒப்புக்கொண்டான், அப்படியே ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவன் அறைத் தோழனின் சைக்கிள் ஸ்பானரை வாங்கி, தன் கட்டில் காலில் இருந்த போல்ட்டில் மாட்டினான்.

“அம்மா, எந்தப் பக்கம் திருப்பணும்?”

“சோத்துக் கைப்பக்கம் இல்லடா, அந்தப் பக்கம். அதுசரி, சாப்பிட்டியா?”

“அம்மா, ஊரே லைன்ல இருக்கு. நட்டைப் பத்திப் பேசு.”

“நட்டு எங்க போயிடும். சாப்பிட்டியா இல்லையா?”

சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே அங்கே அவன் இழுத்தான். இங்கே ஸ்பானர் யாரும் தொடாமல் தானாகத் திரும்பியது. அங்கே அவனுடைய கட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது, தலைமாட்டில் வெயில் விழுகிறது என்று சொன்னான். வந்த நாளிலிருந்து அந்த அறையில் வெயிலையே பார்த்ததில்லையாம்.

சாயங்காலம் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அடியில் கிடந்தது தையல்காரியின் முதல் இழுப்பு. சின்னவளை முதன்முதலாக இதே காரில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காலையில் இழுத்தது. அவர் ஸ்பானரை மாட்டினார், இழுக்கவில்லை. இழுத்துவிட்டால் நட்டு வந்துவிடும், வந்துவிட்டால் அவள் போய்விடுவாள். தக்காளிக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

“மலைப் பாதைடி. வளைவு வளைவா இருக்குமாம். மெதுவா ஓட்டுவியா?”

“ரொம்ப மெதுவா ஓட்டினா நான் போய்ச் சேர்றதுக்குள்ள பேஷன்ட்டுக்குத் தானா குணமாயிடும்மா. அப்புறம் என்னைய எதுக்கு வேலைக்கு வைப்பாங்க?”

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்தக் குலுக்கலில் கை தானாக இழுத்துவிட்டது. நட்டு கழன்று அவர் மடியில் விழுந்தது. இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விடுகிற மாதிரி தெரு ஒரு பெருமூச்சு விட்டு, மதில் சுவரிலிருந்து மூக்கை எடுத்து, சுற்றிக்கொண்டே போனது. மீன் சந்தையைத் தாண்டியது, பஸ் நிலையத்தைத் தாண்டியது, அதுவரைக்கும் யாரும் அந்தத் தெருவிலிருந்து நேராகப் போயிராத மலைச் சாலைக்கு எதிரே போய் நின்றது. அம்மிகள் தத்தம் சமையலறைக்குத் திரும்பின. பஞ்சர் கடைக்காரர், நான்தான் அப்பவே சொன்னேனே என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

டயருக்கு ஒட்டுப் போட்டு, ஐந்தாவதற்குப் புது நட்டு மாட்டினார்கள். பழையதுக்கு முனை மழுங்கிவிட்டது. திங்கட்கிழமை விடிந்ததும் சின்னவள் ஐந்து நட்டையும் தானே முறுக்கினாள், எதிரெதிராக, ஒன்றுக்கு அதிகமும் ஒன்றுக்குக் குறைவும் இல்லாமல். லாரிக்காரர் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தையல்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் போர்வைகளோடு கிளம்பி, நேர் சாலையில் நேராகப் போனாள். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மலையில் இப்போது குளிரில் நடுங்குகிற நோயாளியே கிடையாது.

நகராட்சி பெயர்ப் பலகையை மறுபடி மாற்றி மாட்டியது. இந்த முறை ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டினார்கள். பழைய நட்டு தையல்காரியின் நூல் டப்பாவில் பொத்தான்களோடு கிடக்கிறது. சாயங்காலம் மகளிடமிருந்து போன் வரத் தாமதமானால் அவர் கை தன்னையறியாமல் அதை எடுத்து விரலில் வைத்துத் திருகும். தெரு மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும். மாடி வீட்டம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார், “அக்கா, போன் இன்னும் வரலையா? எங்க வீட்டு டிவியில வெயில் அடிக்குது.” கொஞ்ச நேரத்தில் போன் மணி அடிக்கும். சாப்பிட்டியா என்ற கேள்வி தெரு முழுக்கக் கேட்கும். நட்டு டப்பாவுக்குள் விழுகிற சத்தம் கேட்டதும், மாடி வீட்டம்மா டிவியில் விட்ட இடத்திலிருந்து பார்ப்பார்.