கறுப்பு வார்

கடலுக்கு அடியில் அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தபோது, இன்னும் பதினாறு நிமிடத்துக்குத்தான் காற்று இருக்கிறது என்றது புதுக் கருவி. இப்போதுதானே இறங்கினோம் என்று அதை மறுபடி பார்த்தாள். பக்கத்தில் மிதந்த கணக்கு வாத்தியார், அதாவது அவள் வீட்டுக்காரர், தன் மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நாற்பத்திரண்டு. முகக்கண்ணாடிக்குள் அவர் கண்கள் சிரித்தன.

பயிற்சிக் காலம் முழுக்கக் கதை வேறு மாதிரி. ஒவ்வொரு முறையும் காற்றை முதலில் தீர்த்து எல்லாரையும் மேலே ஏற வைத்தவர் வாத்தியார்தான். "வாடகைச் சாமான், எங்கயோ ஒழுகுது" என்பார். படகை நடத்திப் பயிற்சியும் கொடுக்கும் பெண்ணை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒழுகுவது சாரோட பொறுமைதான் என்று அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் இன்று நிதானமாக மூச்சு விட்டுக் காட்டினால்தான், மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குக் கூட்டிப் போவேன் என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கப்பலைப் பார்க்கத்தான் இவள் தையல் மிஷினை விட்டு எழுந்து இந்த வயதில் நீச்சலே கற்றுக்கொண்டாள். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதாக அவளுக்கு நினைவில்லை.

வாத்தியார் சும்மா இருப்பாரா? ஒரே மாதிரி இரண்டு கருவிகள் வாங்கினார். கட்டைவிரல் அளவு உருளை ஒன்று காற்று சிலிண்டரில் திருகி மாட்டியபடி இருந்து, உள்ளே எவ்வளவு காற்று என்று சொல்லி அனுப்பும். கையில் கட்டும் கடிகாரம் அதைக் கேட்டுக்கொள்ளும். எந்த உருளைக்கு எந்தக் கடிகாரம் ஜோடி என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரே சேர்த்துவைத்தார். இனி இதுகள் எதற்கு என்று இரண்டு பேரின் பழைய அழுத்தமானிகளையும் கேப்டனிடம் சொல்லாமல் கழற்றிப் போட்டார். கிளம்பும் நேரத்தில், கறுப்பு வார்தான் தன் கைக்கு எடுப்பாக இருக்கும் என்று அவளுடைய கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, தன்னுடைய நீல வார்க் கடிகாரத்தை அவளுக்குக் கொடுத்தார்.

படகில் பாடமும் எடுத்தார். "கடைசி ரெண்டு நிமிஷம் நீ எப்படி மூச்சு விட்டியோ, அதே மாதிரி இதே ஆழத்துல விட்டுக்கிட்டே இருந்தா, அவசரக் கையிருப்பத் தொடறதுக்கு இன்னும் எத்தன நிமிஷம்னு இது சொல்லும். ஆழம் போனா குறையும். பதறினாலும் குறையும்."

"அப்ப ஜோசியம்னு சொல்லுங்க."

"வகுத்தல்," என்றார் வாத்தியார், மனம் புண்பட்டு.

பதறினால் குறையும் என்றாரே என்று இப்போது தண்ணீருக்குள் அவள் மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டாள். பதினான்கு. இன்னும் மெல்ல விட்டாள். பன்னிரண்டு. கப்பல் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆமை வர, வாத்தியார் தலைகால் புரியாமல் அதைத் துரத்தினார். அவர் தலைக்கு மேல் குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. அசையாமல் நின்ற அவள் கையில் எண் ஒன்பதுக்கு விழுந்தது. ஆமை போன பிறகு அவர் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாய்பிளந்த சிப்பி ஒன்றை வேடிக்கை பார்த்தார். எண் பத்தானது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் வந்தது சிரிப்புதான். மூக்குக்கு மேல் கோபம் வரும் இந்த மனிதருக்கு ஒரு மீட்டர் இருந்திருந்தால் எத்தனை வருஷம் நிம்மதியாகப் போயிருக்கும்! அடுத்து பயம் வந்தது. தீர்ந்துகொண்டிருப்பது அவர் காற்று.

தன் கடிகாரத்தையும் அவரையும் மாற்றி மாற்றிச் சுட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவர் மறுபடி தன்னுடையதைக் காட்டினார். மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினாள். எதற்கு என்று கையை விரித்தார். வேறு வழி தெரியாமல் தன் எண்ணைக் காட்டி, முஷ்டியைத் தன் நெஞ்சில் வைத்தாள்: எனக்குக் காற்று குறைவு. உடனே அவர் முகத்தில் பெருந்தன்மை பரவியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பினார்.

பாதி வழியில், உடம்பு பழகிக்கொள்ளச் சற்று நேரம் படகுக் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். நின்ற நேரம் முழுக்க அவள் தன்னுடைய உபரி மூச்சுக்குழாயை அவர் வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்திருந்தாள். பாவம், குழம்பிவிட்டாள் என்று அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவாயில்ல, பழகப் பழக வந்துடும்," என்றார் படகில் ஏறியதும், கேப்டன் காதில் விழும்படி.

கேப்டன் இரண்டு சிலிண்டரிலும் தன் அழுத்தமானியை வைத்துப் பார்த்தாள். "சார், அக்காவோடதுல பாதிக்கு மேல அப்படியே இருக்கு. உங்களோடதுதான் அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. உங்க பழைய மீட்டரு எங்க?"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. கறுப்பு வாரைப் பார்த்தார், நீல வாரைப் பார்த்தார். சாப்பாட்டு மேசை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ஆமை பின்னாடி ஓடுனீங்களே, அப்ப."

"பின்ன ஏன் உனக்குக் காத்து இல்லேன்னு காட்டுன?"

"உங்களுக்கு இல்லேன்னா வந்திருப்பீங்களா?"

அவர் பையைத் துழாவிப் பழைய மீட்டர்களை எடுத்து நீட்டினார். கேப்டன் மீட்டர்களை வாங்கித் திரும்ப மாட்டினாள். சாயங்காலம் இங்கேயே இன்னொரு தடவை இறங்கலாம், சார் நிதானத்துக்கு வந்தால் நாளைக்குக் கப்பல், வராவிட்டால் அக்கா மட்டும் என்றாள்.

"ரெண்டு பேர் காத்தும் என் கையிலயே தெரியற மாதிரி வைக்க முடியுமா?" என்று இவள் கேட்டாள்.

"வைக்கலாமே அக்கா."

சாயங்காலம் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். அவள் கையில் இப்போது இரண்டு எண்கள். மேலே இருந்த அவளுடையது அசையவில்லை. கீழே இருந்த அவருடையது இருபதிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் வெள்ளி வெள்ளியாக ஒரு மீன் கூட்டம் திரும்பியது. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை. விடைத்தாள் வாங்கிய மாணவனைப் போல அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணாடிக்கு அருகில் வைத்துக்கொண்டார். ஒரு நீளமான மூச்சு விட்டார். வெகு நேரம் கழித்து இன்னொன்று. பதினெட்டு, அப்படியே நின்றது. பிறகு பத்தொன்பது ஆனது.