கரிக்காது ரசிகர் மன்றம்

ஏசுரத்தினத்துக்குத் திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. அந்த ஜூன் மாதமே குடும்பம் தமிழ்நாட்டு எல்லையோரக் குடிபாலாவை விட்டு வந்துவிட்டது. அவன் மனைவி ஜெபமணிக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை அமைந்தது. பெரியவர்கள் இருவரும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். பதினொரு வயது எலிசாவுக்குத்தான் ஊர் ஒட்டவில்லை.

குடிபாலாவில் அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இங்கே வகுப்பில் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். தெலுங்கில் யாராவது பேசினால் அவளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வாய் எழாது. மத்தியானச் சாப்பாடு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. யாரோடு உட்காருவது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றுவிட்டு வருகிறாள் என்பது, டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ஜெபமணிக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் கரிக்காது போதும். அது மாதம் ஒருமுறை வரும் தமிழ் காமிக்ஸ். ரயில்வே ஸ்டேஷனில் குடியிருக்கும் ஒரு நாய். ஒரு காது மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். காணாமல் போன பெட்டிகளையும் கள்ள டிக்கெட்காரர்களையும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும். சித்தூர் பக்கம் சவாரி போகும்போதெல்லாம் ஏசுரத்தினம் அங்கே பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிவந்து தருவான். புதிதாக வந்த இதழில், ஊருக்கு ஊர் ரசிகர் மன்றம் தொடங்குங்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தார்கள்.

எலிசா அதை நான்கைந்து தடவை படித்துவிட்டு, தானும் ஒன்று ஆரம்பிக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாள். பள்ளிக்கூடம் மாறிய பிறகு அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெபமணி வேண்டாம் என்று சொல்வாளா?

எலிசா வெள்ளைத் தாளில் கரிக்காதைப் பெரிதாக வரைந்தாள். அதன் கீழே, "கரிக்காது ரசிகர் மன்றம் தொடக்கம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. எல்லாரும் வாங்க" என்று எழுதி, கதவு எண்ணையும் அம்மாவின் போன் நம்பரையும் போட்டாள். அதையே இன்னும் சில தாள்களில் எழுதி, தெருக்கோடி மளிகைக்கடையிலும் மாடிப்படி ஓரத்திலும் ஒட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஜெபமணி அரை நாள் லீவு போட்டாள். போண்டா சுட்டாள். எலிசா கூடத்தில் பாயை விரித்து, இதழ்களை வரிசையாக அடுக்கினாள். நாலு மணிக்கு வாசலில் போய் நின்றாள்.

யாரும் வரவில்லை. நாலரை ஆனது. ஜெபமணி பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள். எப்போதும் கத்திக்கொண்டு திரியும் பிள்ளைகளில் ஒன்றைக்கூடக் காணோம். பக்கத்து வீடுகளில் போய், உங்கள் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்கலாமா என்று நினைத்தாள். அது எலிசாவுக்குத் தெரிந்தால் இன்னும் கேவலமாகப் போகும் என்று விட்டுவிட்டாள். காளஹஸ்திக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போயிருந்த ஏசுரத்தினம் போன் செய்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆசையாகக் கேட்டான். அவள் சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தி, இன்னும் ஒருத்தரும் வரவில்லை என்றாள்.

அவள் வெளியே வந்தபோது எலிசா இதழ்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் ஜெபமணிக்குத் தாங்கவில்லை.

"எனக்கு இந்த ஊரு வேணாம்மா" என்றாள் எலிசா. "நைனா கிட்ட சொல்லு."

ஜெபமணி பாயில் உட்கார்ந்தாள். தாள் ஒட்ட விட்டதே தப்பு என்று தோன்றியது. அப்போது போன் அடித்தது. புது நம்பர்.

"ஆன்ட்டி, உங்க குக்கா கெடச்சிடுச்சி" என்றது ஒரு சிறுமியின் குரல். மூச்சு வாங்கியது.

எங்களிடம் நாயே இல்லை, நம்பர் தப்பு என்றாள் ஜெபமணி.

"இல்ல ஆன்ட்டி, பேப்பர் ஒட்டிக்கீறீங்களே. ஒரு காது கறுப்பு. அதே நாய்தான். இட்டுக்கினு வந்துக்கினே கீறோம்."

ஜெபமணி பதில் சொல்வதற்குள் தெருமுனையில் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். முட்டிவரை சேறு. நடுவில் ஒரு செம்பட்டை நாய். கழுத்தில் துப்பட்டாவால் முடிச்சு. அதன் ஒரு காது நிஜமாகவே கறுப்பாக இருந்தது. துப்பட்டாவின் மறுமுனையைப் பிடித்திருந்த உயரமான பெண் பின்தெரு மோனிகா. தாள் ஒட்டியதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் இதே வேலையாகத் தேடினோம் என்றும், இன்றைக்கு ஏரிக்கரைப் பக்கம் வளைத்துப் பிடித்தோம் என்றும் சொன்னாள்.

ஜெபமணிக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் படிப்பதெல்லாம் தெலுங்கு. தாளில் இருந்த ஒரு எழுத்தும் அவர்களுக்குத் தெரியாது. நாய்ப் படத்தையும் போன் நம்பரையும் பார்த்துவிட்டு, காணாமல் போன நாய் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று வெட்கமாக இருந்தது. மகள் இதைக் கேலி என்று எடுத்துக்கொள்வாளோ என்று பயமும் வந்தது.

எலிசா நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கரிக்காது இல்ல" என்றாள் கடைசியில். "அதுக்கு எடது காதுதான் கறுப்பு. இதுக்குச் சோத்தாங்கைப் பக்கம் கீது."

மோனிகா விடவில்லை. கையில் கொண்டுவந்திருந்த தாளை விரித்துக் காட்டினாள்.

"படத்துல நம்மளப் பாத்துக்கினு நிக்குது. அப்ப நமக்கு எடது, அதுக்குச் சோத்தாங்கை."

"நான் வரஞ்சது தப்பு. புக்குல பாரு."

எலிசா உள்ளே ஓடிப் பையைக் கொண்டுவந்து படியிலேயே கவிழ்த்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பக்கமாகக் காதைத் தேடினார்கள். ஒரு பக்கத்தில் ஓவியரே மாற்றி வரைந்திருந்தார். அதைக் கண்டுபிடித்தது மோனிகா. அது இத்தனை நாளும் எலிசாவின் கண்ணில் படவில்லை. அவள் வாயைப் பிளந்தாள்.

"இன்னா எழுதிக்கீது இங்க?" என்று மோனிகா ஒரு கட்டத்தைத் தொட்டுக் கேட்டாள். "எனக்குப் பேச வரும். எழுத்து வராது."

எலிசா படித்துக் காட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல் என்று. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு மோனிகா தெலுங்கில் சொன்னாள். மோனிகா எங்காவது தப்பாகச் சொன்னால் எலிசாவே குறுக்கிட்டுத் தெலுங்கில் திருத்தினாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. ஜெபமணி கவனித்தாள். போண்டாத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை பாதியில் இருக்கும்போது ஒருவர் வேகமாகத் தெருவுக்குள் வந்தார். மெயின் ரோட்டில் டிபன் வண்டி போட்டிருக்கும் கங்கையா. நாய் அவருடையது. ஜெபமணி சண்டை வரப்போகிறது என்று பதறி எழுந்தாள். பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று தெலுங்கில் சொல்லத் தொடங்கினாள். கங்கையா அதைக் காதில் வாங்கவே இல்லை. நாய் போண்டா தின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாய் பிடிக்கிற வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து ஊரெல்லாம் அலைந்தாராம். நாய் அவர் மடியில் தலையை வைத்தது. ஜெபமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் குடித்து முடித்து, நாயின் கழுத்திலிருந்த துப்பட்டாவை அவிழ்த்து மோனிகாவிடம் கொடுத்தார். திட்டவில்லை. இனிமேல் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள், நானே அனுப்பிவைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மோனிகா வீட்டு மொட்டை மாடியில் கூடுவது என்று முடிவானது. புதிய அறிவிப்பை மோனிகா தெலுங்கில் எழுதுவாள். தனக்குத் தமிழ் எழுத்து கற்றுத் தரவேண்டும் என்று அவள் கேட்டாள். எலிசா, நீ தெலுங்குப் பாடம் சொல்லிக்கொடு என்றாள்.

பிள்ளைகளை வழியனுப்ப எலிசா தெருமுனைவரை போனாள். இருட்டத் தொடங்கியும் திரும்பவில்லை. ஏசுரத்தினம் மறுபடி போன் செய்து, பிள்ளை என்ன செய்கிறாள், அழுதாளா என்று கேட்டான்.

"வெளிய வெளாடிக்கினு கீறா. அப்பறம் பேசு" என்றாள் ஜெபமணி.

மத்தியானத்திலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சமையலறையில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பசி நன்றாக இருந்தது.