பெப்ரவரிக் காற்றில் தொலைந்த தம்பி

"விண்டரிலை எங்கையாவது ரொர்னாடோ அடிக்குமே?" என்று பேர்ணடெற்றின் புருஷன் வின்சன்ற் திரும்பத் திரும்பக் கேட்டார், யாரோ சட்டத்தை மீறிவிட்டதுபோல. ஆனால் அடித்துவிட்டது. 1998 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு, ரொறன்ரோவில் சனம் பனி வழித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், புளோரிடாவின் கிசிமிப் பக்கம் சுழல்காற்றுகள் புகுந்து வீடுகளைப் பிய்த்தெறிந்தன. நாற்பது பேருக்கு மேல் சாவு. ரிவியில் ஒரு நிபுணர், 1971 பெப்ரவரியில் மிசிசிப்பிப் பக்கம் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் போனதை நினைவுபடுத்தி, குளிர்காலம்தானே என்று அசட்டையாக இருப்பதுதான் ஆபத்து என்றார்.

பேர்ணடெற் ரிவியை நிறுத்தினாள். அவளுடைய தம்பி பஸ்ரியன், மனைவி யூஜினியோடும் மகள் ஏஞ்சலாவோடும் டிஸ்னி பார்க்கப் போய், அங்கேதான் சில்லுப் பூட்டிய ஒரு ரெயிலர் வீட்டில் தங்கியிருந்தான்.

திங்கள் மத்தியானம் யூஜினி ஒரு தேவாலய மண்டபத்திலிருந்து போன் எடுத்தாள்.

"மச்சாள், ரெயிலர் உருண்டு போச்சு. நானும் பிள்ளையும் தப்பிட்டம். அவரைக் காணேல்லை. மிஸ்ரர் பஸ்ரியன் எண்டு எந்த ஆஸ்பத்திரியிலையும் ஒருத்தரும் இல்லையாம். பேர் தெரியாத சவங்களை வந்து பாக்கட்டாம்."

"நீ போகாதை. நான் தேடுறன்."

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் இருந்துகொண்டு கிசிமியில் எதைத் தேடுவது? அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சும்மா இருக்கிற ஆள் அவளில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் போனைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நிவாரணக்காரருக்கு அடித்தாள், பொலிசுக்கு அடித்தாள், ஆஸ்பத்திரிகளுக்கு அடித்தாள், எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். அதற்குள் வின்சன்ற் மெல்ல வந்து, ஃபாதரிடம் ஒரு பூசைக்குச் சொல்லுவோமா என்றார்.

"அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது? சாக முன்னமே பூசை கேக்கிறியள்!"

அவர் குசினிக்குப் போய்விட்டார். பாவம், அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

அவள் மறுபடியும் நிவாரண இலக்கத்துக்கு அடித்தாள். எடுத்தவள் பொறுமையான பெண். "மிஸிஸ் வின்சன்ற், மன்னியுங்கள். பஸ்ரியன் குடும்பத்தில் தாயும் பிள்ளையும்தான் எங்களிடம் இருக்கிறார்கள்" என்றாள்.

மிஸிஸ் வின்சன்ற். இத்தனை வருடமாக அவள் திரும்பிப் பார்க்கிற பெயர்தான். ஆனால் வின்சன்றை யாராவது மிஸ்ரர் வின்சன்ற் என்று தேடினால் கிடைப்பாரா? அவருடைய லைசன்ஸில் கடைசிப் பெயர் அவர் தகப்பனின் பெயரான சவரிமுத்து. நம்முடைய ஆம்பிளையள் தகப்பன் பெயரைச் சுமக்கிறார்கள், பெண்டுகள் புருஷன் பெயரை. ஒரே வீட்டில் இரண்டு கடைசிப் பெயர். வெள்ளைக்காரன் யூஜினியின் அட்டையில் இருந்த பஸ்ரியனைக் குடும்பப் பெயராக எடுத்து, இல்லாத ஒரு மனிசனைத் தேடிக்கொண்டிருக்கிறான்!

"அட, விசர்க் கூட்டமே!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, ஆஸ்பத்திரிகளை முதலிலிருந்து பிடித்தாள். இந்த முறை தங்கள் அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அமிர்தநாதர்.

முதல் இடத்தில் இல்லை. அடுத்த இடத்தில் ஒரு தாதி, "இருக்கிறார்" என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேசன் நடந்ததாம். இன்று காலைதான் தெளிவாகப் பேசத் தொடங்கினாராம். "அவருடைய மனைவியையும் பிள்ளையையும் எல்லா இடமும் தேடினோம். அமிர்தநாதர் என்ற பெயரில் எந்த மண்டபத்திலும் யாரும் இல்லை. அதை அவரிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது" என்றாள் தாதி.

"போனை அவன்ர காதிலை வையுங்கோ. இப்பவே!" இதையும் தமிழில்தான் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, இணைப்பு கிடைக்கும்வரை ஒற்றைக்காலில் நின்றாள்.

"தம்பி, நான் அக்கா."

அவன் மிகவும் அடக்கமாகக் கேட்டான்:

"அக்கா, பிள்ளையின்ரை முகம் முழுசா இருக்கோ? சவப்பெட்டியைத் திறந்து வைக்கலாமோ?"

இது அழுகிற நேரமில்லை.

"முழுசா இருக்கிறாளடா! வாயும் முழுசா இருக்கு. அப்பா எங்கை, அப்பா எங்கையெண்டு தாயின்ரை உயிரை வாங்கிறாள். ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம். உன்னைத்தான் காணேல்லையெண்டு தேடினாங்கள்!"

மறுமுனையில் பஸ்ரியன் கோவென்று அழத் தொடங்கினான். அவள் அவனை அழவிட்டாள். பிறகு தாதியைக் கூப்பிட்டு, அறை இலக்கம் என்ன, யூஜினியை எந்த வாசலால் அனுப்புவது என்று கேட்டாள்.