பரிசோதனை நாள் காபி

தையல்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், ஊசியில் நூல் கோப்பது மனைவியின் வேலையாயிற்று. பிறகு பட்டன் தைப்பது. பிறகு அவர் சட்டைக்கே பட்டன் போட்டுவிடுவது. ஊருக்கெல்லாம் உடுப்பு தைத்துப் போட்ட மனுஷனுக்கு வந்த கதியைப் பாருங்கள்!

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நடுக்க நோய்க்கான ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். மூளையில் செத்துப்போகிற நரம்பு செல்களுக்குப் பதிலாக, ஆய்வகத்தில் வளர்த்த புது செல்களை உள்ளே வைப்பார்களாம். அதிலும் ஒரு கொடுமை: பாதிப் பேருக்குத்தான் செல். மீதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு மூடிவிடுவார்கள். யாருக்கு எது என்பது முடிவு வரும்வரை பரம ரகசியம். செல்லால் பலன் உண்டு என்று நிரூபணமானால், வெறும் துளை வாங்கியவர்களுக்கும் அடுத்து செல் வைப்பார்கள். தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தார்.

அதன் பிறகு மாதாமாதம் பரிசோதனை. அன்று காலை மட்டும் நடுக்கத்துக்குப் போடும் வழக்கமான மாத்திரையைப் போடக் கூடாது. மாத்திரை இல்லாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். விரலைத் தட்டச் சொல்வார்கள், எழச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் டாக்டரம்மா மார்க் போடுவார்.

முதல் தடவை அவர் நாற்காலியிலிருந்து எழவே திண்டாடினார். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார். போச்சு, பேரை அடித்துவிடுவார்கள் என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். அடுத்த மாதம் மாத்திரையைப் பொடியாக்கி அவர் காபியில் கலந்தாள். மனுஷன் ஜம்மென்று நடந்தார்.

"பாத்தியா! எனக்கு செல்லுதான் வெச்சிருக்காங்க. சத்தியமா சொல்றேன்!"

"ஆமாங்க," என்றாள். வேறென்ன சொல்வாள்?

வெளியே வந்தால், பஸ் டிரைவர் ஒருவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கும் மோசம்க்கா. இனிமே வராதீங்கன்னு சொல்லிடுவாங்களோ?"

இவளுக்கு மனசு கேட்கவில்லை. "அசடு, இதுக்குப்போய் அழுவாங்களா? வர்ற அன்னிக்குக் காபில மாத்திரையைக் கலந்து குடு. அவருக்கே தெரிய வேண்டாம்."

அந்த யோசனை நாற்காலிக்கு நாற்காலி தாவியது. கொஞ்ச நாளில் வந்தவர்கள் எல்லாருமே வீறுநடை போட்டார்கள். டாக்டரம்மாவே மலைத்துப்போனார்.

முடிவு சொல்ல அழைத்த அன்று டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"வருத்தமா இருக்குங்க. செல் வெச்சவங்களும் நல்லா இருக்காங்க, வெக்காதவங்களும் அதே அளவுக்கு நல்லா இருக்காங்க. அப்போ செல்லால பலன்னு எப்படிச் சொல்றது? ஆராய்ச்சியை மூடிட்டாங்க."

"அது கெடக்கட்டும்மா. எனக்கு வெச்சது செல்லுதானே?"

"இல்லைங்க. உங்களுக்கு வெறும் துளைதான்."

தையல்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி... அப்போ அடுத்து எனக்கு வெப்பீங்கல்ல?"

"ஆராய்ச்சியே இல்லைங்களே."

"அப்புறம் எப்படிம்மா நான் அப்படி நடந்தேன்?"

"நம்பிக்கைதாங்க. அதுக்கு அவ்வளவு சக்தி உண்டு."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இவதாம்மா அந்த நம்பிக்கையக் குடுத்தா."

மனைவிக்கு இப்போது புரிந்தது. துளை மட்டும் வாங்கியவர்களை நடக்க வைத்தது அவளுடைய காபி. அந்த நடைதான் செல்லுக்கு ஆப்பு வைத்தது. அடி பாவி, இப்போதாவது வாயைத் திறக்கக் கூடாதா? திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபின் எப்படித் திறப்பாள்?

வராந்தாவில் டிரைவர் மனைவி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கும் வெறும் துளைதானாம்க்கா. ஆனா உங்க புண்ணியத்துல கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட அவர் பெயில் ஆகலை. நீங்க நல்லா இருக்கணும்."

"எதுக்கு உனக்கு இவ்வளவு நன்றி சொல்றாங்க?" என்று கேட்டார் தையல்காரர். அவர் விரல்கள் சட்டையின் மேல் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமில்லைங்க," என்று அவர் கையை விலக்கிவிட்டு, அவளே பட்டனைப் போட்டுவிட்டாள்.