பதினோராம் நம்பருக்குக் கீழே

அக்கரப்பத்தனைக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் கம்பனியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். கொழுந்துச் சாக்கின் நிறத்தைச் சொல்வார்கள். ஊசிமலை சிவப்புச் சாக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் நீலச் சாக்கு. இரண்டு கம்பனியும் ஒன்றாகிவிட்டது என்று ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்கு அனுப்புகிற நேரத்தில், அறிவித்தார்கள்.

"கல்யாணம் கட்டிக்கிட்டாங்களாம், நமக்கு ஒரு பந்தி போடல பாரு" என்றாள் கொழுந்து பறிக்கிற ஷாமிலா.

"பந்தி கெடக்கட்டும். பொண்ணு யாரு, மாப்பிள்ள யாருன்னாச்சும் சொல்லலாம்ல" என்றார் மாயாண்டிக் கங்காணி.

எல்லோரும் சிரித்துவிட்டு மலைக்குப் போனார்கள். சாக்கின் நிறம் மாறவில்லை. முதலில் மாறியது, தோட்ட ஆபீஸில் கிருஷாந்தியின் மேசை மேலிருந்த கம்ப்யூட்டர்தான்.

கிருஷாந்திக்கு முப்பத்து மூன்று வயது. தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்தவள். பழைய சிஸ்டத்தில் ஒவ்வொரு மலைத் துண்டுக்கும் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'குளவிக் கூடு உண்டு, கவனம்.' 'பெருமழைக்குத் தண்ணீர்க் கான் உடையும்.' 'கோயில் கொடியேற்றத்துக்கு வழி விட வேண்டும்.' அவளுக்கு முன்னிருந்த பெரிய கிளார்க்கர் எழுதியவையும் அவள் எழுதியவையும் சேர்ந்து, அந்தத் தோட்டமே அந்தக் கட்டங்களுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

புது சிஸ்டத்தில் குறிப்புக் கட்டம் இல்லை. இரண்டு கம்பனித் தோட்டங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். எட்டு வகை கொடுத்திருந்தார்கள்: விளைகிற தேயிலை, இளந்தேயிலை, விறகுக்காடு, கட்டடம், பாதை, நீர், மயானம், தரிசு. எந்தத் துண்டையும் வெறுமையாக விட முடியாது. விட்டால் அந்த வரி சிவப்பாகி நிற்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்கத் தலைமை ஆபீஸிலிருந்து ஸஜ்ஜாத் வந்திருந்தான். தலவாக்கலை பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். இருபத்தாறு வயதுப் பையன், நல்ல மாதிரி; 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்பான். நான்கு நாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நூற்று நாற்பது துண்டுகளை ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிக்க வேண்டும். மூன்றரை மணிக்கு ஒரே ஒரு வரிதான் சிவப்பாக மிஞ்சியிருந்தது.

"பதினோராம் நம்பருக்குக் கீழ ஒரு துண்டு ஈக்கே மிஸ், ஓடைப் பக்கம்? எல்லாத்துக்கும் குறிப்பு ஈக்கு, இதுக்கு மட்டும் ஒண்டும் எழுதல்ல. அதுல என்ன ஈக்கு?"

கிருஷாந்தியின் கை மேசை விளிம்பில் அப்படியே நின்றது.

அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்வதில்லை. பெரியவர்களைப் புதைக்கிற மயானம் மேலே ரோட்டோரம் இருக்கிறது, கல்லறையும் பெயருமாக. பதினோராம் நம்பர்த் தேயிலை மலைக்குக் கீழே இருப்பது, பிறந்து நாலு நாள், பத்து நாளில் போன பிள்ளைகளின் இடம். அதற்குத் தப்பு மேளம் கிடையாது, பாடை கிடையாது, கல் கிடையாது. ஒரு ஆள் துணியில் சுற்றிக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார். பெற்றவள் கூடப் போகக் கூடாது. இடத்தையும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அடுத்தது தங்காது என்பார்கள்.

கிருஷாந்திக்கும் ஒன்று போயிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால். இதயத்தில் ஓட்டையோடு பிறந்து ஒன்பது நாள் இருந்த பெண் குழந்தை. புருஷன் சுமன் அப்போது கொழும்பில் வேலை. அவன் வந்து சேர்வதற்குள், மாயாண்டிக் கங்காணி ஏந்திக்கொண்டு போய்விட்டார். முப்பத்தோராம் நாள் வைப்பதாக இருந்த பெயர், வைக்காமலே நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் வீட்டிலிருந்து ஆபீஸுக்குக் குறுக்குப் பாதையில் வருவதில்லை. குறுக்குப் பாதை பதினோராம் நம்பருக்குள் போகிறது. அவள் ஃபெக்டரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிஷம் கூட நடப்பாள்.

"மிஸ்?" என்றான் ஸஜ்ஜாத்.

"ஒண்ணும் இல்ல சேர்" என்றாள் அவள். "அங்க ஒண்ணும் இல்ல."

"அப்ப தரிசு" என்று அவன் தட்டினான். சிவப்பு பச்சையானது. வரியின் ஓரத்தில், 'தகவல் தந்தவர்: கிருஷாந்தி' என்று விழுந்தது.

பட்டியலில் மயானம் என்ற வகை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல் வாயில் வர வேண்டுமே. வரவில்லை.

நான்கு மாதம் போனது. இதற்குள் ஊசிமலையை நடத்தப் புதுத் தொரை வந்திருந்தார். நீலச் சாக்குப் பக்கத்திலிருந்து வந்த இளம் வயது சிங்களவர், சத்தம் போட்டுப் பேசாதவர். தோட்டம் அவருக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்த அளவுதான் தெரியும். இரண்டு தோட்டத்து ஆபீஸையும் மாதக் கடைசியில் ஒன்றாக்கப் போகிறார்கள் என்றும், இரண்டு கிளார்க்கில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. யாருடைய பதிவில் பிழை குறைவோ, அவருக்குத்தான் இடமாம்.

ஒரு திங்கட்கிழமை காலை. மாயாண்டிக் கங்காணி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். தலையில் சாக்குத் தொப்பி, கையில் வேலைச் சீட்டு.

"என்ன புள்ள, கம்ப்யூட்டர்ல எனக்கு வயசு நாப்பத்தொண்ணாம்ல? தோட்டமே சிரிக்குது. அத மட்டும் மாத்திப்புடாத, அப்புடியே இருக்கட்டும்."

அவள் சிரித்தாள்.

"இந்தச் சீட்ட வாசிச்சுச் சொல்லு. கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்."

அவள் வாசித்தாள். "விறகுக்கு டர்பன்டைன் மரம் நடுறது. மண்ணப் பொரட்ட பெக்கோ மெஷின் வருது. இன்னைக்கும் நாளைக்கும் மேட்டுத் துண்டு. புதன்கிழமை…"

"புதன்கிழமை?"

"பதினோராம் நம்பருக்குக் கீழ்த் துண்டு, மாமா. தரிசுன்னு போட்டிருக்கு."

கங்காணி சீட்டை வாங்கி மடித்தார். பிறகு, "கொழும்புல இருந்து எழுதுறவங்களுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார்.

கொழும்பைக் குறை சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் கிருஷாந்தியைக் குத்தியது.

"கொழும்பு இல்ல மாமா. நாந்தான் சொன்னேன். என்ன இருக்குன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

அவர் சாக்குத் தொப்பியைக் கழற்றினார். "உன்னோடதும் அங்கதானே புள்ள இருக்கு."

"அதனாலதான் வாயில வரல."

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஃபெக்டரிக் கூரைவரை இறங்கியிருந்தது. கங்காணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. அழுது என்ன ஆகப்போவுது. தொரைகிட்டப் போவோம், நானும் வாறேன்."

தொரை சிங்களத்தில் பேசினார், பொறுமையாகத்தான் பேசினார். உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் பெக்கோ வாடகைக்கு வந்திருக்கிறது, உத்தரவு மேலிருந்து வந்திருக்கிறது. சிஸ்டத்தில் தரிசு என்று இருக்கும்வரை எனக்கும் அது தரிசுதான். புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் அங்கே வேறு சொல் இருந்தால், மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன். "ஆனால் மிஸ், நான்கு மாதத்துக்கு முன்னால் இதைச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் சேர்."

தொரை அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஸஜ்ஜாத் அன்று நுவரெலியாவில் வேறொரு தோட்டத்து ஆபீஸில் இருந்தான். போனில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தன் குழந்தை உட்பட. ஆபீஸில் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

"அக்கா" என்றான் ஸஜ்ஜாத். அதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டவன். "எனக்குத் தெரியாம போச்சே."

"நான் சொல்லாதது தம்பி. நீங்க கேட்டீங்கதானே."

"மாத்தலாம். ஆனா பூட்டின வரியச் சும்மா மாத்த ஏலாது. மயானம்னு போட்டா, ஒவ்வொரு குழியும் எங்க ஈக்குன்னு போன்ல புள்ளி வைக்கச் சொல்லும். ஒவ்வொரு புள்ளிக்கும் பேர் கேக்கும். இன்னொண்டு, திருத்தப் படிவத்துல பிழை யாருடையதுன்னு ஒரு கேள்வி ஈக்கு." அவன் தயங்கினான். "அதுல சிஸ்டம்னு போடுங்க அக்கா. குறிப்புக் கட்டம் இல்லாதது எங்கட பிழைதானே. உங்கட வேலை விஷயமும் ஈக்கு."

படிவம் திரையில் வந்தது. பிழை: சிஸ்டம் / பதிவு. அவள் 'பதிவு' என்பதைத் தொட்டாள். காரணம் என்ற இடத்தில், "அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அது பொய்" என்று எழுதினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று இனி யார் சொன்னாலும் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொழுந்தை எடை போட்டதும், கங்காணியும் அவளும் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவள் கால் அந்தப் பாதையில் பட்டது. கங்காணியின் தோளில் ஒரு கட்டு முளைக்குச்சி. கீழே ஓடை சத்தமிட்டது. தேயிலை முடிந்து, ஒரு கானைத் தாண்டினால் புல்லும் காட்டுக் கொய்யாவும். பார்க்கிறவனுக்கு அது தரிசுதான்.

"எத்தனை மாமா?"

"எனக்குத் தெரிஞ்சு முப்பத்தேழு. எனக்கு முன்னாடி எங்கப்பா கொண்டாந்தது தனி. அது எனக்குத் தெரியாது, பொய் சொல்லக் கூடாது."

அவர் கொய்யா மரத்திலிருந்து ஆரம்பித்தார். நடப்பார், நிற்பார், குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்ப்பார், குச்சியை ஊன்றுவார். பெயர் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. தாயைத்தான் சொன்னார். "இது சண்முகவடிவோட ரெட்டைல ஒண்ணு. இது வினோதாவோடது, தைப்பொங்கலுக்கு மறுநாளு." கிருஷாந்தி போனில் புள்ளி வைத்து, 'சண்முகவடிவு – மகன்', 'வினோதா – மகள்' என்று எழுதிக்கொண்டே வந்தாள். பெயர் இல்லாமல் போன் ஒரு புள்ளியையும் எடுக்கவில்லை.

பத்தோ பன்னிரண்டோ முடிந்தபோது மேலே சலசலப்புக் கேட்டது. கொழுந்துப் பெண்கள் தேயிலை ஓரத்தில் வந்து நின்றிருந்தார்கள், கூடையோடு. யாரும் கானைத் தாண்டவில்லை.

"கங்காணி" என்று ஷாமிலா கூப்பிட்டாள். பந்தி போடவில்லை என்று சிரித்த அதே ஷாமிலா. "என்னோடது எங்க?"

"நீங்க வரக் கூடாதுல்ல தாயி."

"நாளைக்கு மெஷின் வரலாமாம், நாங்க வரக் கூடாதாம்ல."

கங்காணி இரண்டு அடி நடந்து, ஓடைப் பக்கமாக ஒரு குச்சியை ஊன்றினார். "இது. அன்னைக்கு நல்ல மழை. மண்ணு சரியாம சுத்தியும் கல்லு வச்சேன்."

ஷாமிலா கூடையை இறக்கி வைத்தாள். கானைத் தாண்டினாள். வந்து அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் குந்தி, கல்லின் மேலிருந்த பாசியை விரலால் துடைக்க ஆரம்பித்தாள். அழவில்லை. ஒரு கல் முடிந்ததும் அடுத்த கல்லைத் துடைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

முப்பத்தோராவது குச்சியை ஊன்றிவிட்டுக் கங்காணி தாயின் பெயரைச் சொல்லவில்லை. முகத்தைப் பதினோராம் நம்பர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது யாரோடது மாமா?"

"எழுது புள்ள" என்றார் அவர்.

அவளுக்குப் புரிந்தது. புல்லை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைக் கல், அவ்வளவுதான். போன் பெயர் கேட்டுக்கொண்டு காத்திருந்தது. அவள் மெதுவாக எழுதினாள்: 'கிருஷாந்தி – மகள்.' எழுதியதை ஒருமுறை வாசித்தாள். பிறகு பதிந்தாள். இன்னும் ஆறு பாக்கி இருந்தது. எழுந்து கங்காணியின் பின்னால் நடந்தாள்.

புதன்கிழமை எட்டு மணிக்குப் பெக்கோ ரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது. தொரை தன் கைக் கருவியில் பட்டியலைத் திறந்து, முப்பத்தேழு வரியையும் மேலிருந்து கீழே வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தோராவதில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து கிருஷாந்தியைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய்க் கையசைத்தார். மெஷின் பின்னால் நகர்ந்து, வந்த வழியே திரும்பியது.

"பிழை உங்களுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் மிஸ்" என்றார் அவளிடம். "அதை நான் அழிக்க முடியாது. மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வரும். என்ன வருமென்று எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் சேர்" என்றாள் அவள்.

அன்று மாலை ஆபீஸைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். ஃபெக்டரி ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. பதினோராம் நம்பருக்குள் இறங்கினாள். கான் ஓரத்தில் கங்காணி, சாய்ந்துபோன ஒரு குச்சியை நிமிர்த்திக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, இந்தப் பக்கமா?"

"இதுதானே மாமா வீட்டுக்குக் கிட்ட" என்றாள் கிருஷாந்தி. கானைத் தாண்டி உள்ளே போனாள்.