தையல்நாயகிக்கு இறைத்த எள்

ராஜ்மோகன் காரைக்கால் கடற்கரையில் தன் மனைவி தையல்நாயகிக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த மகாளய அமாவாசையன்று, அவள் வீட்டில் அவனுக்காக வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனை விரலைக் கீறி ரத்தம் வந்தது. ஆகவே அவள் உயிரோடுதான் இருந்தாள்.

எல்லாம் தை அமாவாசையில் ஆரம்பித்தது. ராஜ்மோகன் அப்போது கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டுப் போடும் கொட்டகையில் இருந்தான். முதுகுவலி, சர்க்கரை, எதற்கெடுத்தாலும் கோபம். ஜோசியர் தெட்சிணாமூர்த்தி அவன் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "அமாவாசைல சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில சேருதுங்க. மனசு காலியாகற நாள். வேண்டாததைக் கடல்ல முழுகி இறக்கி வச்சிருங்க, வளர்பிறையோட நீங்களும் வளருவீங்க," என்றார். இறக்கி வைத்தது எங்கே போகும் என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அது நேரே வீட்டுக்குத்தான் போனது. அவன் ஈர வேட்டியோடு திரும்புவதற்குள் அவன் கோபம் வந்து சேர்ந்துவிட்டது. பால்காரரிடம்கூட அதிர்ந்து பேசாத தையல்நாயகி செம்பைச் சுவரில் எறிந்தாள். அடுத்த அமாவாசையில் முதுகுவலியும் சர்க்கரையும் வந்தன. சித்திரையில் அவன் தன் வயதை இறக்கி வைத்தான். சாயங்காலம் அவன் தலை கருகருவென்று இருந்தது, அவள் தலை பஞ்சாக நரைத்துப் பற்கள் ஆடின. கொட்டகையில் அவனை மேலாளர் ஆக்கினார்கள். துணிக்கடையில், "அம்மாவுக்கு நூல் புடவை காட்டட்டுங்களா?" என்று கேட்டபோது முதல் தடவை மறுத்தான், அடுத்த தடவை மறுக்கவில்லை. அது கொஞ்சம் உறுத்தியது. ஆடி அமாவாசையில் அந்த உறுத்தலையும் இறக்கி வைத்தான். அன்றிலிருந்து தப்பெல்லாம் தன்மேல்தான் என்று தையல்நாயகி குன்றிப்போனாள். பாவி மனுஷி, அவனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள்.

ஆவணியில் அவன், சின்ன வயதில் தாயைப் பறிகொடுத்த துக்கத்தை இறக்கினான். மாமியாரைப் படத்தில்கூடப் பார்த்திராத தையல்நாயகி, திரிபுரசுந்தரி, திரிபுரசுந்தரி என்று பேர் சொல்லி அழுதாள். அந்தப் பேர் அதன்பிறகு அவளிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் மகாளய அமாவாசையன்று அய்யர், "அம்மா பேரு சொல்லுங்க," என்றபோது ராஜ்மோகன் திணறினான். ஊரார் அவனுக்கு அம்மா என்று சொல்லும் கிழவியின் பேர் வாயில் வந்தது. உயிரோடு இருப்பவளின் பேர் ஆயிற்றே என்று உறுத்தியிருக்க வேண்டும். உறுத்த அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

"நான் உங்க பொண்டாட்டிங்க. உங்க அம்மா பேரு திரிபுரசுந்தரி. ஓடிப்போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க," என்று, அவன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அவள் கெஞ்சினாள்.

"நல்லபடியா முடிஞ்சு போச்சும்மா. மனசு நிறைஞ்சிருக்கு," என்றான் அவன், துளிக் கோபமில்லாமல்.

அன்று மத்தியானத்திலிருந்து பானைச் சோறு அவள் தொண்டையில் இறங்கவில்லை. மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்கு வைத்த சோறு மட்டும் இறங்கியது. அந்த வீட்டில் அதை அமாவாசைக்கு அமாவாசைதான் வைப்பார்கள். தானும் எதையாவது இறக்கி வைக்க முடியுமா என்று கேட்க, சுவரைப் பிடித்துப் பிடித்து ஜோசியர் வீட்டுக்குப் போனாள். தெட்சிணாமூர்த்தி நல்ல மனிதர், மரியாதையாக எழுந்து நின்று கைகூப்பினார். "போய்ச் சேர்ந்தவங்களுக்கு நான் ஜாதகம் பாக்கறதில்லைங்கம்மா," என்றார்.

தை பிறந்ததும் ராஜ்மோகன் இளவேனிலைக் கட்டிக்கொண்டான். முதல் தாரத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஊரே பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைப் பாராட்டியது. அடுத்த அமாவாசையில் அவன் கடலில் முழுகிவிட்டு வந்தான். இளவேனில் நல்ல பெண். இலையில் சோறும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்து மாடிக்கு எடுத்துப்போய், "அத்தை, வாங்க," என்று கூப்பிட்டாள். காலையில் இல்லாத ஒரு நரை அவள் வகிடோரம் மின்னியது.

தையல்நாயகி அதைப் பார்த்தாள். இனி அவன் இறக்குவதெல்லாம் உன்மேல்தான் ஏறும், இப்போதே ஓடிவிடு என்று சொல்லத்தான் அவள் மாதம் முழுக்கக் காத்திருந்தாள். வாயைத் திறந்தாள். சோற்று வாசனை வந்தது. பசி முந்திக்கொண்டது. இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள், காக்கைகள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டன.

"எடுத்தாச்சா?" என்று ராஜ்மோகன் கீழேயிருந்து கேட்டான்.

"எடுத்தாச்சுங்க," என்றாள் இளவேனில். பிறகு இறங்கிப்போய் அவனுக்கு இலை போட்டாள்.