பேட்டரி வேண்டாத கருவி

என் வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. இந்த முறை ஏறியது பேட்டரி.

அவர் தம்பி, என் கொழுந்தன், காகித ஆலையின் கழிவுநீர்க் குழியில் சேறு அள்ள இறங்கினான். ஏறி வரவில்லை. விஷவாயு காட்டும் கருவி இடுப்பிலேயே இருந்தது. வாயு இருந்தால் அது கத்த வேண்டும். அன்றைக்குக் கத்தவில்லை, நல்ல காற்றுதான் என்று நம்பி இறங்கிவிட்டான். கருவியின் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரி மாற்றுவது யார் பொறுப்பு என்று விசாரணை வைத்தார்கள். ஸ்டோர்காரர் சூப்பர்வைசரைக் கைகாட்டினார், சூப்பர்வைசர் ஸ்டோர்காரரைக் கைகாட்டினார். நானாக இருந்தால் இரண்டு பேரையும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அதே ஆலையில் எலக்ட்ரீஷியன். அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. "பேட்டரி இருந்தாத்தானே அது சாகும்? பேட்டரியே இல்லாம ஒண்ணு செய்யறேன்," என்றார்.

குழியின் மேல் பெரிய பம்பு ஒன்று ஓடும். ஓடினால் தரையே அதிரும். அதிர்ந்தாலும் அழுத்தினாலும் துளி மின்சாரம் கொடுக்கிற சின்னச் சின்ன வட்டத் தகடுகள் கடையில் கிடைக்கின்றன. அதைப் பம்போடு இறுக்கிக் கட்டிவிட்டால் கருவி தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்பது அவர் போட்ட கணக்கு.

சோதனை எல்லாம் என் தலையில் விடிந்தது. மிக்சியில் கட்டிப் பார்த்தார். துணி துவைக்கிற மெஷினில் கட்டிப் பார்த்தார். அழுக்குத் துணி இல்லாத நாளிலும் மெஷின் வெறுமனே உருண்டது.

"தம்பி பேரைச் சொல்லி என் மெஷினையும் சாகடிச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் ஓரகத்தி, செத்தவனின் பெண்டாட்டி, பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாக வாய் திறக்கமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டவாவது மாட்டாளா என்று ஏங்கினேன்.

ஆலையில் வைத்துக் காட்டுகிற அன்று, "நீயும் வந்து பாரும்மா," என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார். பம்பு ஓடியது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அழுகின சேறு இருந்த பாட்டிலைத் திறந்து பக்கத்தில் காட்டினார், ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள். சூப்பர்வைசரும் தட்டினார், வெட்கமே இல்லாமல். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிறைவைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது.

"அப்ப இன்னிக்கே இறங்கிடலாம்ணே," என்று சொல்லிக் குழி ஆள் ஒருவர் போய்ப் பம்பை நிறுத்தினார்.

எப்போதும் அப்படித்தான். ஓடுகிற பம்பு ஆளை இழுத்துவிடும். நிறுத்தி, சேறு அடியில் தங்குகிற வரைக்கும் ரொம்ப நேரம் காத்திருந்துதான் இறங்குவார்கள். நாங்கள் டீ குடித்துக்கொண்டே காத்திருந்தோம். பச்சை விளக்கு மங்கிக்கொண்டே வந்து அணைந்தது. குழி ஆட்கள் அன்றைக்கு இறங்காமலே போய்விட்டார்கள்.

பம்பை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே பம்பை ஓடவைக்கத்தான். வேலை முடித்து ஓடுகிற பம்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் அவர். நின்ற பம்போடு வேலை செய்தவன் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே ஆலையில் வேறு வேறு பம்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு இது இருந்திருந்தாலும் கத்தியிருக்காது," என்றார் வீட்டுக்கு வந்ததும். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதார். குழாய்ச் சத்தத்தை மீறிக் கேட்டது. அதைத் தூக்கிப் போட்டுத் தொலையுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்ல மனசு வரவில்லை, நானும் அழுதேன்.

கொஞ்ச நாள் கருவியைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் ஏணியின் ஒரு படியை அறுத்துக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மிதிக்கிற மேல்படி. அதன் அடியில் ஸ்பிரிங்கும் தகடும் வைத்தால் மிதிக்கிற மிதியில் மின்சாரம் வரும், தலை உள்ளே போகுமுன் கருவி விழித்துக்கொள்ளும். பம்பு ஓடினாலும் நின்றாலும் கவலையில்லை. சிக்கல் ஸ்பிரிங்கில்தான். முரடாக இருந்தால் ஒல்லியான ஆள் மிதிக்கும்போது தகடு வளையாது, இளக்கமாக இருந்தால் கனமான ஆள் மிதிக்கும்போது தகடு உடைந்துவிடும்.

என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "அவன் என்ன எடை இருப்பான்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் கையை விரித்தேன்.

"அறுபத்திரண்டு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஓரகத்தி துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் சாப்பிடாமப் போயிட்டார், அத்தான். கொஞ்சம் குறைச்சே வெச்சுக்குங்க."